கர்ப்பிணி காணாமல் போனால்: ஊர் கேட்கும் 'ஏன்', விசாரணை தேடும் 'எப்போது'

'காணவில்லை' அறிவிப்பில் வழக்கமாக நான்கு வரி இருக்கும். பெயர், வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடை. 'ஏழு மாதக் கர்ப்பிணி' என்று ஐந்தாவது வரி சேர்ந்துவிட்டால் அந்த அறிவிப்பின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் கதைகள் முளைத்துவிடும். புருஷன்தான் ஏதோ செய்துவிட்டான். குழந்தை அவனுடையதாக இருக்காது. கும்பல் ஒன்று தூக்கிக்கொண்டு போயிருக்கும். அவளே யாருடனோ கிளம்பிவிட்டாள். கர்ப்பம் என்பதே நாடகம். எல்லாக் கதையும் 'ஏன்', 'யார்' என்ற கேள்விகளுக்கான பதில்தான். வழக்கைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியோ அந்த நேரத்தில் வேறொன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்: அவர் வீட்டைவிட்டு வெளியேறியது காலை 9.10க்கா, 9.40க்கா?

அந்த அரை மணி நேரம் சரியாகக் கிடைத்துவிட்டால் பாதிக் கதைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். தடயம் அழிந்திருக்கும், அல்லது பார்த்தவர்களின் நினைவை ஊகங்கள் கலைத்திருக்கும்.

வெறும் வாய்க்குக் கிடைத்த அவல்

வதந்தியைப் பற்றி ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் சொன்ன சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. விஷயத்தின் முக்கியத்துவத்தை அதன் தெளிவின்மையால் பெருக்கினால் வதந்தியின் வலு கிடைக்கும் என்றார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானாலும் வதந்தி படுத்துவிடும். வாயும் வயிறுமாக இருக்கும் பெண் காணாமல் போனால் முதல் எண் உச்சத்துக்குப் போய்விடுகிறது, ஏனென்றால் ஊர் அங்கே இரண்டு உயிர்களை எண்ணுகிறது. காவல்துறை வாய் திறக்காதபோது இரண்டாவது எண்ணும் ஏறுகிறது.

அந்த மௌனம் பல சமயம் வேண்டுமென்றே காக்கப்படுவது. கலிபோர்னியாவின் மோடெஸ்டோ நகரில் 2002 டிசம்பர் 24 அன்று எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் காணாமல் போனார். ஆறாம் நாள், டிசம்பர் 30 அன்று, அவருடைய கணவருடன் பழகிவந்த வேறொரு பெண் தானாகவே காவல்துறையைத் தொடர்புகொண்டார். அதன்பின் கணவருடன் அவர் பேசிய பேச்செல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. பொதுமக்களுக்கு இது தெரிந்தது 2003 ஜனவரி 24 அன்றுதான். இடைப்பட்ட மூன்றரை வாரமும் தொலைக்காட்சிகளில் "போலீஸ் தூங்குகிறது" என்ற குரலும், மர்ம வேன், சாத்தான் வழிபாட்டுக் கும்பல் என்ற கதைகளும் ஓடின. காவல்துறை அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் ஊகம் குறைந்திருக்கும், ஆனால் பதிவு செய்ய ஒரு பேச்சும் கிடைத்திருக்காது.

வாயைத் திறந்தும் கெடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2023 ஜனவரியில் ஆற்றங்கரையில் நடக்கப்போன ஒரு பெண் காணாமல் போனார் (அவர் கர்ப்பிணி அல்ல). ஊகங்கள் கட்டுமீறியதும், அவற்றை அடக்குவதாக நினைத்துக் காவல்துறை அவருடைய உடல்நலம், குடிப்பழக்கம் பற்றிய அந்தரங்கத் தகவல்களை வெளியிட்டது. கூட்டத்துக்குப் புதுத் தீனி கிடைத்ததுதான் மிச்சம். பின்னர் நடந்த சுதந்திரமான மறுஆய்வு, அந்த வெளியீடு தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது என்றது. அவர் காணாமல் போய் மூன்று வாரம் கழித்து ஆற்றிலேயே உடல் கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கிய விபத்து என்று மரண விசாரணை முடிவு செய்தது. காவல்துறை முதல் வாரத்திலிருந்தே சொல்லிவந்ததும் ஏறத்தாழ அதுதான், ஆனால் கேட்கத்தான் ஆளில்லை.

கணவன் மீது முதல் சந்தேகம் சரியா?

அதிகாரிகள் துணைவரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் 2018, 2019 ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்ப காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 3.62 கொலைகள் நடந்ததாகக் கணக்கிட்டது. கர்ப்பமாக இல்லாத, அதே வயதுப் பெண்களைவிட இது 16 சதவீதம் அதிகம். ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, கிருமித்தொற்று என்ற வழக்கமான பேறுகால இறப்புக் காரணங்கள் எதை எடுத்துக்கொண்டாலும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கொலை இருந்தது. கொல்லப்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தாக்கப்பட்டது வீட்டில்.

இந்த எண்ணைத் தலைகீழாகப் படிப்பதில்தான் கோளாறு. கொலையுண்ட கர்ப்பிணிகளில் எத்தனை பேர் வீட்டு வன்முறைக்குப் பலியானார்கள் என்பது ஒரு கேள்வி. காணாமல் போன கர்ப்பிணிகளில் எத்தனை பேர் கொலையானார்கள் என்பது வேறு கேள்வி. காணாமல் போகும் பெரியவர்களில் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் உயிரோடு கண்டுபிடிக்கப்படுகிறார்கள் அல்லது தாங்களே திரும்பிவருகிறார்கள். அவர்கள் செய்தியாவதில்லை, அதனால் நம் நினைவில் தங்குவதுமில்லை. நினைவில் நிற்கும் வழக்குகளை மட்டும் வைத்து விகிதம் போட்டால் எல்லாக் கணவர்களும் கொலைகாரர்களாகத்தான் தெரிவார்கள். விசாரணை துணைவரிடம் தொடங்குவது அவரைச் சேர்க்கவும்தான், விலக்கவும்தான். அவர் அன்று காலை எங்கே இருந்தார் என்பது உறுதியாகிவிட்டால் மற்ற திசைகளில் ஆட்களை அனுப்பலாம்.

ஒரு கடை ரசீதின் எடை

மோடெஸ்டோ வழக்கில் மனைவி நாயோடு நடக்கப்போனபோது யாரோ கடத்தியிருக்க வேண்டும் என்பது கணவர் தரப்பு. அன்று காலை நாய் தெருவில் கழுத்துக் கயிறோடு தனியாகத் திரிந்ததைப் பார்த்து, பிடித்து வீட்டின் பின்முற்றத்தில் விட்டவர் அண்டை வீட்டுப் பெண். எத்தனை மணிக்கு என்று கேட்டபோது முதலில் பத்தரை இருக்கும் என்றார். பிறகு அன்று தான் போன கடையின் ரசீதைத் தேடியெடுத்து, அதில் அச்சாகியிருந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். 10.18 என்று வந்தது. கணவரின் கைபேசியோ 10.08க்கு வீட்டருகே இருந்த கோபுரத்தின் வழியாக இயங்கியிருந்தது. அவர் கிளம்பி, மனைவி நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கடத்தப்பட்டு, நாய் தெருவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இவ்வளவும் நடக்கப் பத்தே நிமிடம். பத்தரை என்ற உத்தேசம் அப்படியே நின்றிருந்தால் கணவர் தரப்பு வாதத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் கிடைத்திருக்கும்.

2003 ஏப்ரலில் தாயின் உடலும் சிசுவின் உடலும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் தனித்தனியாகக் கரை ஒதுங்கின. அன்று மீன்பிடிக்கப் போனதாகக் கணவரே சொன்ன நீர்ப்பரப்பு அது. உள்ளூரில் நியாயமான நடுவர் குழு அமையாது என்று வழக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. 2004 நவம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மரண தண்டனை 2020இல் ரத்தாகி, 2021இல் பரோலில்லாத ஆயுள் தண்டனையாக மாறியது. தான் நிரபராதி என்று அவர் இன்றும் சொல்கிறார். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் லாஸ் ஏஞ்சலஸ் இன்னசன்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு 2024இல் அவர் வழக்கைக் கையிலெடுத்தது. அவர்கள் தோண்டுவதிலும் ஒரு பகுதி அன்று காலை யார், எதை, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதுதான்.

"நானும் பார்த்தேன்"

கர்ப்பிணியைத் தேடும்போது ஒரு தனிச்சிக்கல் உண்டு. பார்ப்பவர் கண்ணை வயிறு முழுதாக இழுத்துக்கொள்கிறது, முகம் மனதில் தங்குவதில்லை. அதனால் ஒரே பகுதியில் நடமாடும் வேறு கர்ப்பிணிகளெல்லாம் காணாமல் போனவராகவே நினைவில் பதிகிறார்கள். நாய், நீல நிற மேலுடை, குடை என்று அறிவிப்பில் இன்னொரு அடையாளம் இருந்தால், உண்மையில் பார்த்திராத அந்த அடையாளத்தையும் நினைவு ஒட்டிக்கொள்ளும்.

உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் செய்த சோதனை இதற்கு நல்ல அளவுகோல். ஒரே கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம், கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். 'தொட்டபோது' என்று கேட்டால் 31.8 மைல். ஒரே ஒரு வினைச்சொல் செய்த வேலை இது. ஒரு வாரம் ஊகங்களைப் படித்துவிட்டு வரும் சாட்சியின் நினைவில் எத்தனை சொற்கள் புகுந்திருக்கும்!

எதையோ பார்த்ததாகத் தோன்றினால் முதல் வேலை, அதைப்பற்றி வேறு எதையும் படிக்குமுன் எழுதிவைப்பது. நேரத்தை நினைவிலிருந்து எழுதக் கூடாது, ஏதாவதொன்றில் முடிச்சுப் போட வேண்டும். அப்போது பேசிய அழைப்பின் பதிவு, கட்டணம் செலுத்திய குறுஞ்செய்தி, ஏறிய பேருந்தின் சீட்டு, எடுத்த புகைப்படம் எதுவும் உதவும். 'எட்டு மணி சுமாருக்கு' என்பதைவிட 'பால் வாங்கிப் பணம் அனுப்பியபின், அடுத்த அழைப்பு வருமுன்' என்பது பத்து மடங்கு உபயோகமானது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவதும் தகவல்தான். முகம் தெரியவில்லை என்றால் அப்படியே எழுத வேண்டும். எழுதியதைக் காவல்துறையிடம் கொடுத்தால் போதும். பொதுவெளியில் போட்டால் உங்கள் நினைவு அடுத்த சாட்சியின் நினைவாகிவிடும்.

'சுவிட்ச் ஆஃப்' என்ற தீர்ப்பு

ஊகங்களில் பாதி கைபேசியிலிருந்துதான் பிறக்கிறது. 'யாரோ வேண்டுமென்றே அணைத்துவிட்டார்கள்' என்பது அவற்றில் முதன்மையானது.

கைபேசியை முறைப்படி அணைத்தால், அது போகுமுன் வலையமைப்புக்கு 'விடைபெறுகிறேன்' என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். தண்ணீரில் விழுந்தாலோ நொறுங்கினாலோ அனுப்பாது. அப்படிச் சொல்லாமல் போன கருவிக்காக வலையமைப்பு ஒரு கெடு வரை காத்திருக்கும். அந்தக் கெடு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும். அதன்பின்தான் 'இல்லை' என்று குறித்துக்கொள்ளும். ஆக, விடைபெறும் சமிக்ஞை இருந்ததா இல்லையா என்பது நல்ல தடயம். ஆனால் மின்கலம் தீர்ந்துபோகும்போதும் இன்றைய கருவிகள் ஒழுங்காகத் தம்மை மூடிக்கொண்டு அதே சமிக்ஞையை அனுப்பும். ஆகவே, ஒரு கை அணைத்தது என்பதற்கு அது சாட்சியாகாது. அழைப்பவர் காதில் விழும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே', 'அணைக்கப்பட்டுள்ளது' என்ற குரல்களோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் தோராயமான வாசகங்கள்.

மணி அடித்தது, அதனால் கைபேசி உயிரோடு இருக்கிறது என்பதும் அப்படித்தான். வலையமைப்பு கருவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பவருக்கு மணியோசை கேட்கலாம். 2014இல் எம்எச்370 விமானம் மறைந்தபின் பயணிகளின் உறவினர்கள் பலர் மணி அடித்ததாகச் சொன்னார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு வலியில் முடிந்தது என்பது தெரிந்ததே.

வாட்ஸ்ஆப்பில் இரண்டு டிக் விழுந்தால் செய்தி சேர்ந்துவிட்டது என்று பொருள். எங்கே சேர்ந்தது என்பதில்தான் சூட்சுமம். அந்தக் கணக்கோடு இணைத்த கணினி வீட்டிலோ அலுவலகத்திலோ திறந்திருந்தால், கைபேசி ஆற்றின் அடியில் கிடந்தாலும் இரண்டு டிக் விழும். சமூக ஊடகப் பச்சைப் புள்ளியும் வேறு கருவியில் திறந்தபடி இருக்கும் கணக்கால் எரியலாம். "நேற்று ராத்திரி ஆன்லைனில் இருந்தாள்" என்று பிறக்கும் வதந்தியின் மூலம் பல நேரம் இதுதான். சில நேரம், துப்புத் தேடுவதாக நினைத்து அவர் கணக்கில் நுழைந்த உறவினரே அந்தப் பச்சைப் புள்ளி! அப்படி நுழைவது வேறு கெடுதலும் செய்யும். படிக்காத செய்திகள் படித்தவையாகிவிடும், யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவும் குழம்பும். கடவுச்சொல் தெரிந்தால் எழுதி அதிகாரியிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோபுரப் பதிவு வரைபடத்தில் புள்ளி குத்தித் தராது. ஒரு கோபுரத்தில் வழக்கமாக மூன்று முகங்கள், ஒவ்வொன்றும் 120 பாகை விசிறி. நெரிசலான நகரில் அந்த விசிறியின் நீளம் சில நூறு மீட்டர், திறந்தவெளியில் பல கிலோமீட்டர். அருகிலிருக்கும் கோபுரத்தைத்தான் கருவி பிடிக்கும் என்ற விதியும் கிடையாது. "அவள் போன் கடைசியாகக் காட்டுப் பக்கம் காட்டியது" என்று ஒருவர் எழுதினால், காடும் பக்கத்துக் குடியிருப்பும் ஒரே விசிறிக்குள் இருந்திருக்கலாம்.

வரப்போகும் தேதி

காணாமல் போன மற்றவர்களுக்குக் கடைசியாகப் பார்த்த தேதி மட்டுமே உண்டு. கர்ப்பிணிக்கு வரப்போகும் தேதி ஒன்றும் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் 42 வாரத்தை ஒட்டியாவது ஏதோ ஓரிடத்தில் பிரசவம் நடந்தே தீர வேண்டும். அதற்குப் பதிவேடு, தடுப்பூசி, பிறப்புச் சான்று என்று தடங்கள் விழும். அதனால்தான் 'எட்டு மாதம்' என்ற பேச்சுவழக்கை விசாரணை ஏற்பதில்லை. கடைசி மாதவிலக்கிலிருந்து எத்தனை வாரம், முதல் மூன்று மாத ஸ்கேன் சொன்ன தேதி என்ன என்று கேட்கும்.

கர்ப்பகால மருத்துவக் கோப்பு வீட்டில் இருக்கிறதா, அவரோடு போய்விட்டதா என்பது முதல் கேள்வி. கோப்பையும் குழந்தைத் துணிகளையும் எடுத்துக்கொண்டு போனவர் திட்டமிட்டுக் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள். வாங்கிய தேதி தெரிந்து, நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் எத்தனை பள்ளங்கள் காலியாக இருக்க வேண்டும், எத்தனை இருக்கின்றன? அன்று காலை மாத்திரை போட்டாரா என்பதற்கு அது சில சமயம் பதில் சொல்லும். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை இவற்றில் ஏதாவது வீட்டிலேயே கிடந்தால் தேடலின் அவசரம் கூடும்.

குற்றமே நடக்காத சாத்தியமும் இங்கே ஒளிந்திருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறிப் பேறுகால வலிப்பு வரலாம். கடும் தலைவலி, கண்முன் மின்னல் அல்லது மங்கல், மேல்வயிற்று வலி அதன் முன்னறிகுறிகள். வலிப்பு தெளிந்தபின் சற்று நேரம் பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் குழம்பியிருக்கலாம். முந்தைய நாள் தலைவலி என்று சொன்னாரா என்ற எளிய கேள்வி, கடத்தல்காரனைத் தேடுவதற்குப் பதில் மருத்துவமனைகளின் 'பெயர் தெரியாத நோயாளி' பட்டியலைப் பார்க்க வைக்கும். பட்டியலில் பெயரை மட்டும் தேடக் கூடாது. தவறாக எழுதப்பட்டிருக்கலாம். வயதும் கர்ப்ப வாரமும் சொல்லிக் கேட்பது நம்பகமானது.

வரப்போகும் தேதிக்குக் கொடூரமான பக்கமும் உண்டு. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் 2017 ஆகஸ்ட் 19 அன்று, எட்டு மாதக் கர்ப்பிணியான 22 வயதுப் பூர்வகுடிப் பெண், அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருந்த பெண்ணுக்குத் தையல் வேலையில் உதவப் போனார். திரும்பவில்லை. கார் வாசலில் நின்றது, கால்கள் வீங்கியிருந்தன, எங்கும் நடந்துபோயிருக்க முடியாது என்று குடும்பம் சொன்னது. மேல்மாடி வீட்டை அதிகாரிகள் குடியிருந்தவர்களின் சம்மதத்தோடு ஒரு முறைக்கு மேல் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் குழந்தை அங்கே உயிரோடு கிடைத்தது. தாயின் உடல் ஆற்றில் கிடைத்தது. காணாமல் போகும், கொல்லப்படும் பூர்வகுடிப் பெண்களின் வழக்குகளைக் கையாளும் முறைகளைச் சீராக்கும் 'சவான்னா சட்டம்' அமெரிக்காவில் 2020 அக்டோபரில் வந்ததற்கு இந்த வழக்கே பெயர் தந்தது.

சிகாகோவில் 2019 ஏப்ரல் 23 அன்று 19 வயது நிறைமாதக் கர்ப்பிணி மறைந்தார். இலவசமாகக் குழந்தைப் பொருள்கள் தருவதாக முகநூல் வழியே அழைத்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தார். அன்று மாலையே 46 வயதான அந்தப் பெண் அவசர எண்ணை அழைத்து, தனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மூச்சில்லை என்றார். குழந்தை மருத்துவமனைக்குப் போனது. தேடப்படும் பெண்ணும் அந்தக் குழந்தையும் ஒரே முடிச்சு என்பது வாரங்கள் கழித்துத்தான் புரிந்தது. முகநூல் உரையாடலைப் பற்றித் தெரிந்த தோழி ஒருவரின் தகவலும், அதன்பின் எடுத்த டிஎன்ஏ சோதனையும் அதை அவிழ்த்தன. குழந்தை ஜூனில் இறந்தது. அந்தப் பெண்ணுக்கு 2024இல் 50 ஆண்டுச் சிறை.

இரண்டு வழக்கிலும் கொலை செய்தவர் பெண், தானும் கர்ப்பமாக இருப்பதாகச் சுற்றத்தாரை நம்பவைத்தவர், பாதிக்கப்பட்டவரிடம் உதவி என்ற பெயரில் நெருங்கியவர். ஊர் உருவாக்கும் சந்தேகப் பட்டியலில் இப்படிப்பட்டவர் இடம்பெறுவதே இல்லை. இத்தகைய வழக்குகள் மிக அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் அடுத்த வதந்திக்கு விதையாகும். ஆனால் நிறைமாதக் கர்ப்பிணி மறைந்த வழக்கில், அடுத்த சில நாட்களில் கர்ப்பகாலப் பதிவு எதுவுமின்றி 'வீட்டிலேயே பிறந்து' வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவமனைகளில் விசாரிப்பது வீண் வேலையாகாது.

அழாத முகம்

"டிவியில் பேசும்போது அவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லையே." இந்த வாக்கியம் இல்லாத வழக்கே கிடையாது. முகத்தையும் பேச்சையும் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் வெற்றி 54 சதவீதம் என்று 2006இல் ஏராளமான சோதனைகளைத் தொகுத்த ஆய்வு காட்டியது. நாணயத்தைச் சுண்டினால் 50.

ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லெய்னுக்கு நடந்தது இதன் எல்லை. 1980இல் உலுரு அருகே கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் குழந்தையைக் காட்டுநாய் தூக்கிப்போய்விட்டது என்றார். தாய் இப்படிக் கலங்காமல் பேசுவாளா என்று நாடே கேட்டது. குழந்தையின் பெயருக்கே 'பலியிடுதல்' என்று பொருள் எனப் பொய்யாகப் பரப்பினார்கள். காரில் சிசுவின் ரத்தம் இருந்ததாக நிபுணர் சாட்சி சொன்னார். 1982இல் ஆயுள் தண்டனை. அப்போது அவரே நிறைமாதக் கர்ப்பிணி, அடுத்த குழந்தை காவலில் பிறந்தது. 1986இல் குழந்தையின் மேலுடை காட்டுநாய்கள் திரியும் பகுதியில் கிடைத்து அவர் விடுதலையானார். காரில் இருந்த 'ரத்தம்', இரைச்சலைத் தடுக்கத் தொழிற்சாலையில் தெளித்த பூச்சு என்று தெரிந்தது. குழந்தையின் சாவுக்குக் காட்டுநாய்தான் காரணம் என்று இறப்புப் பதிவு திருத்தப்பட்டது 2012இல்.

மோடெஸ்டோ கணவர் விஷயத்தில் ஊர் சொன்னது பலித்ததே என்று கேட்கலாம். பலித்தது. அதே கண், அதே முறை, ஒரு இடத்தில் பலித்தது, இன்னொரு இடத்தில் நிரபராதியை மூன்று ஆண்டுக்கு மேல் உள்ளே வைத்தது.

வீட்டார் கையில் இருப்பவை

24 மணி நேரம் கழிந்தபின்தான் புகார் வாங்குவார்கள் என்பது காவல்துறைகளே மறுக்கும் நம்பிக்கை. கர்ப்பிணி என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கைபேசி வாங்கிய பெட்டியைத் தேடியெடுத்தால் அதில் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும். சிம் மாறினாலும் கருவியைத் தேட அது வேண்டும். பல்துலக்கி, சீப்பு, தலையணை உறை இவற்றைத் துவைக்காமல், கழுவாமல் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி டிஎன்ஏவைக் கெடுக்கும். வீட்டு வைஃபை பெட்டியை அணைக்கக் கூடாது. அவர் கைபேசி எத்தனை மணிக்கு வீட்டு இணைப்பிலிருந்து விலகியது என்ற குறிப்பு அதன் நினைவகத்தில் இருக்கலாம், அணைத்துப்போட்டால் பல பெட்டிகளில் அழிந்துவிடும்.

கண்காணிப்பு கேமராப் பதிவு பல இடங்களில் ஒரு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் தானாகவே அழிந்து புதிது ஏறும். முதல் நாளே தெருவில் இறங்கி, அழிக்காமல் வையுங்கள் என்று கேட்டுவைக்க வேண்டும். கேமராவின் கடிகாரம் சரியாக இருப்பது அபூர்வம். பதிவுக் கருவியின் திரையில் ஓடும் நேரத்தையும் பக்கத்தில் உங்கள் கைபேசி காட்டும் நேரத்தையும் ஒரே புகைப்படத்தில் எடுத்துவைத்தால் போதும், எத்தனை நிமிடம் முன்பின் என்பது பிடிபட்டுவிடும். இதைச் செய்யாததால், ஒரு கேமராவில் 9.12க்கு மறைந்தவர் அடுத்த கேமராவில் 9.05க்குத் தோன்றி, 'இரண்டு பெண்கள்' என்ற கதை பிறக்கும். திரையில் ஓடுவதைக் கைபேசியில் படம்பிடித்தால் போதாது, மூலக் கோப்பே வேண்டும்.

அறிவிப்பில் குடும்பத்தாரின் சொந்த எண்ணைப் போட்டால் வதந்திக்காரர்களும் மோசடிக்காரர்களும் நேராக வீட்டுக்கே வருவார்கள். 'அவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், உடனே அறுவை செய்ய வேண்டும், பணம் அனுப்புங்கள்' என்றால் யார்தான் யோசிப்பார்கள்? அதனால் ஒரு மோதிரம், ஒரு தழும்பு, செருப்பின் நிறம் என்று ஏதோ ஒன்றை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வது வழக்கம். அழைப்பவருக்கு அது தெரிகிறதா என்பதுதான் சோதனை.

பகிருமுன்

அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. அடிக்கும் துணைவரிடமிருந்து தப்பி, காப்பகத்திலோ தோழி வீட்டிலோ இருக்கும் கர்ப்பிணியைத் தேடிக் கொடுக்கும்படி அந்தத் துணைவரே உருக்கமாக அறிவிப்புப் போடலாம். பத்தாயிரம் பேர் பகிர்ந்தால் பத்தாயிரம் ஜோடிக் கண்கள் அவருக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யும். காவல்துறையின் பெயரும் வழக்கு எண்ணும் இல்லாத அறிவிப்பை, கண்ணீர் எவ்வளவு இருந்தாலும், பகிராமல் விடலாம். பார்த்துவிட்டாலும் இடத்தைக் கருத்துப் பகுதியில் எழுதக் கூடாது.

உயிரோடு கிடைத்தவர் வயது வந்தவர் என்றால் பல நாடுகளில் காவல்துறை 'பாதுகாப்பாக இருக்கிறார்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளும். எங்கே, யாரோடு, குழந்தை எப்படி என்பதை அவர் சம்மதமின்றி வீட்டாருக்கே சொல்ல மாட்டார்கள். தேடித் தவித்த கூட்டத்துக்கு இது ஏமாற்றமாக இருக்கும், 'எங்களுக்குப் பதில் வேண்டும்' என்று அடுத்த சுற்று ஊகம் கிளம்பும். அந்த நேரத்தில் முதலில் அறிவிப்புப் போட்டவர் பதிவை அழித்துவிடுவதைவிட, அதே பதிவைத் திருத்தி மேலே 'கிடைத்துவிட்டார்' என்று எழுதி, முகப்படத்தை மட்டும் எடுத்துவிடுவது நல்லது. பகிர்ந்தவர்களின் பக்கங்களிலும் அந்தத் திருத்தம் தெரியும். குழுக்களில் படமாகச் சுற்றும் அறிவிப்பைத் திருத்த வழியில்லை. அதில் தேதி போடாமல் விட்டிருந்தால், அவர் குழந்தை பள்ளிக்குப் போகும் காலத்திலும் 'அவசரம், ஏழு மாதக் கர்ப்பிணி' என்று யாரோ ஒருவர் அனுப்பிக்கொண்டிருப்பார்.